இளநரை: 22 வயசுல வகிட்டுல வெள்ளை. எண்ணெயா, அவுரியா, எங்க ஆரம்பிக்கறது?

#1 தென்றல்22

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஊர் திண்டுக்கல் பக்கம், எம்.எஸ்ஸி. கடைசி வருஷம் படிக்கிறேன். காலேஜ் சேர்ந்த புதுசுல காதோரம் ரெண்டு மூணு நரை இருந்தது. இப்ப வகிடு எடுத்தா நெத்தியில இருந்து வரிசையா வெள்ளை தெரியுது. அப்பாவுக்கும் கல்யாணத்துக்கு முன்னாடியே பாதித் தலை நரைச்சிருந்ததாம்.

கரிசலாங்கண்ணி எண்ணெய் தேய்ச்சாப் போதும்ங்கறாங்க அம்மா. அத்தை வாட்ஸ்அப்ல ஒரு "மூலிகை கருப்புப் பொடி" லிங்க் அனுப்பியிருக்காங்க. அதுல ஒரு அம்மாவுக்கு மூணே மாசத்துல தலை முழுக்கக் கருகருன்னு ஆன மாதிரி படம். நாங்க சுத்த சைவம், முட்டைகூட வீட்டுக்குள்ள வராது. டை அடிக்க மனசு இல்லை. எங்க இருந்து ஆரம்பிக்கலாம்? ஒண்ணைப் பிடுங்கினா பத்து வரும்னு பாட்டி சொல்றது உண்மையா?

#2 சுக்குக்காப்பி

மக்ளே, அம்மா சொல்லுக எண்ணெயை விட்டுராத. எங்க நாரோயில் பக்கம் வீட்டுக்கு வீடு காய்ச்சுவோம். வெள்ளைப் பூ கையாந்தகரையை, அம்மா சொல்லுக கரிசலாங்கண்ணிதான், வேரோட பிடுங்கி, மண்ணு போகக் கழுவி, உரல்ல இடிச்சுச் சாறு பிழியணும். நல்ல தேங்கா எண்ணெய் ஒரு பங்குக்குச் சாறு நாலு பங்கு. பிழிஞ்ச சக்கையிலயும் ஒரு பிடி போட்டு, சின்னத் தீயில கிண்டிக்கிட்டே இருக்கணும். அவசரப்பட்டாக் கரிஞ்சு போகும், பாத்துக்கோ.

பதம்தான் காரியம். முதல்ல சடசடன்னு ஒரே சத்தமா இருக்கும், தண்ணி வத்த வத்த அது அடங்கும். அடியில கிடக்க சக்கையை விரல்ல எடுத்து உருட்டிப் பாரு. மெழுகு மாதிரி திரண்டா இன்னும் கொஞ்ச நேரம் போகட்டும், மணல் மாதிரி உதிர்ந்தா இறக்கிரு. சந்தேகம் இருந்தா ஒரு திரியை அந்த எண்ணெயில நனைச்சுக் கொளுத்து. படபடன்னு வெடிச்சா உள்ள தண்ணி இருக்கு, அதை வடிச்சு வச்சா பூசணம் பிடிச்சு நாறிப் போகும்.

இதுக்கு அண்ணன் நீலிபிருங்காதி தைலம். சகஸ்ரயோகம்னு கேரளத்து ஆயுர்வேத நூல்ல உள்ள முறை. அவுரி (நீலச் சாயச் செடி), கையாந்தகரை, முடக்கத்தான், நெல்லிக்கா நாலோட சாறு, அதுக்கு மேல ஆட்டுப்பால், பசும்பால், எருமைப்பால், தேங்காப்பால். கேரளத்துல எந்த வைத்தியசாலைக்குப் போனாலும் கிடைக்கும். எனக்கு வயசு எழுவது தாண்டியாச்சு, மீசை மட்டும்தான் வெள்ளை.

#3 சந்தேகப்பிராணி

எழுவது வயசுல கருப்புத் தலைன்னா அது தாத்தாவோட அப்பா அம்மா குடுத்த சொத்து, எண்ணெய் குடுத்தது இல்லை 🙂 இளநரையில பெரும்பங்கு பரம்பரைதான். ஐஆர்எஃப்4ங்கற மரபணுவுக்கு நரையோட தொடர்பு இருக்கறதையே 2016-ல கண்டுபிடிச்சுச் சொன்னாங்க. தென்றலோட அப்பா கதையும் அதைத்தான் காட்டுது.

தலைக்கு வெளிய வந்துட்ட முடிக்கு உயிர் கிடையாது. நிறம் போடற மெலனோசைட் செல்கள் வேரோட குமிழ்ல மட்டும்தான் இருக்கு, முடி உருவாகும்போதே சாயம் ஏத்தி அனுப்பிடுது. வெள்ளையா வெளிய வந்த முடியை எண்ணெய்ல ஊறப் போட்டாலும் வெள்ளைதான்.

முடி மாசத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளருது. நிஜமாவே வேர் திருந்தி மறுபடி நிறம் போட ஆரம்பிச்சா மூணு மாசத்துல என்ன தெரியணும்? அடியில 3 செ.மீ. கருப்பு, அதுக்கு மேல நுனி வரைக்கும் பழைய வெள்ளை. அத்தை அனுப்பின படத்துல அடி முதல் நுனி வரை ஒரே கருப்பா இருந்தா அது வைத்தியம் இல்லை, சாயம். எந்த விளம்பரத்தைப் பார்த்தாலும் இதை மட்டும் பாருங்க.

பாட்டி கேள்விக்கு: ஒரு துளையில இருந்து ஒரு முடிதான் வரும். ஒண்ணைப் பிடுங்கினா பக்கத்து முடி ஏன் நரைக்கணும்? ஆனா பிடுங்கிட்டே இருந்தா வேர் கெட்டு அந்த இடம் சொட்டையாகலாம். தொந்தரவா இருந்தா அடியோட கத்தரிங்க.

#4 சுக்குக்காப்பி

தம்பி சொல்லுகதுல ஞாயம் உண்டு, சொல்லுக தோரணையிலதான் கொஞ்சம் எளக்காரம். பழைய ஆளுவ ஒண்ணும் தெரியாம சொல்லல்ல. கோபம், துக்கம், உடம்பை வருத்துக வேலை, இந்த மூணாலயும் சூடு தலைக்கேறி, பித்தம் முடியைப் பழுக்க வைக்கும்னு பழைய ஆயுர்வேத ஆசான் சுஸ்ருதர் எழுதி வச்சிருக்காரு. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் செல்போனை நோண்டிக்கிட்டு, காலம்பற வெறும் காப்பியக் குடிச்சிட்டு ஓடுக பிள்ளைகளுக்கு எண்ணெய்க் குளி ஒண்ணாவது சூட்டைத் தணிக்கட்டுமே. தேய்ச்சா உறக்கமாவது வரும்லா.

#5 லேப்_ராணி

தென்றல், எண்ணெய்ச் சண்டையை அவங்க ரெண்டு பேரும் போடட்டும். நீ ரத்தம் குடுத்துட்டு வா.

திருச்சியில லேப்ல வேலை பாக்கிறேன். இருபத்தஞ்சுக்குள்ள நரைச்சாத்தான் நம்ம ஊர்க்காரங்களுக்கு இளநரைங்கறது, அந்தக் கணக்குல நீ வர்றே. டாக்டர்கிட்ட காட்டினா எழுதித் தர்றது பெரும்பாலும் இதுதான்: முழு ரத்த எண்ணிக்கை, பி12, ஃபெரிடின் (உடம்புல சேமிப்பா இருக்கற இரும்பு), டிஎஸ்எச் (தைராய்டு), வைட்டமின் டி. இந்தியாவுல இளநரைக்காரங்களை வச்சுப் பண்ணின ஆய்வுகள்ல பி12-ம் ஃபெரிடினும் குறைவா இருந்தது தெரிய வந்திருக்கு. முட்டைகூட இல்லாத வீடுன்னு நீ எழுதினதும் எனக்கு முதல்ல தோணினது பி12-தான். அது பால், தயிர்ல இருக்கும், செடிகொடியில கிடையாது. ஹாஸ்டல்ல நீர்மோரா ஊத்தினா அதுவும் போச்சு. கால் மரமரப்பு, நாக்கு வழவழன்னு செவந்து எரியறது, காரணமில்லாத அசதி, இதெல்லாம் இருக்கா பாரு. ஹீமோகுளோபின் நல்லா இருக்குன்னு விட்டுராத, ஃபெரிடின் தனியா அடிமட்டத்துல கிடக்கும்.

முடிக்குன்னு பயோட்டின் மாத்திரை சாப்பிடறியா? சாப்பிட்டா லேப்ல சொல்லிடு. ரெண்டு மூணு நாள் முன்னாடியே நிறுத்திட்டு வரச் சொல்வாங்க, இல்லேன்னா தைராய்டு ரிசல்ட்டையே அது தப்பாக் காட்டும். இங்க வர்ற பொண்ணுங்க பாதிப் பேர் கையில அந்த டப்பா இருக்கு, கேட்டாத்தான் சொல்றாங்க.

#6 கிழக்குக்கரை

நான் மட்டக்களப்பு. எங்கட அம்மம்மா நெல்லிமுள்ளியை இரும்புத் தாச்சியில இரவு முழுக்க ஊறப் போட்டு, விடிய அரைச்சுத் தலையில அப்புவா. தண்ணி மை மாதிரிக் கறுத்துப் போய்க் கிடக்கும். முழுகினாப் பிறகு நரை கொஞ்சம் மங்கித்தான் தெரியும். அப்ப அதுவும் சாயம்தானோ?

#7 கீழமாசி_மருந்துக்கடை

மட்டக்களப்புத் தங்கச்சி, அதுவும் சாயம்தாம்மா, ஆனா யோக்கியமான சாயம். நெல்லிக்காயில துவர்ப்பு இருக்குல்ல, அந்த டானின் இரும்போட சேர்ந்தா கருப்பாகும். கடுக்காயும் அப்படித்தான், அந்தக் காலத்துல எழுதற மையே இந்த மாதிரி வித்தையிலதான் பண்ணினாங்க. முடி மேல படிஞ்சு நாலு தடவை அலசினா மங்கிரும். வெள்ளைத் துண்டு போட்டுக்கிட்டுப் பண்ணாதீங்க.

மதுரையில நாட்டு மருந்துக் கடை வச்சிருக்கேன், அத்தை அனுப்பின பொடியைப் பத்தி நான் சொல்லியாகணும். செடியில இருந்து வர்ற எதுவும் பத்து நிமிஷத்துல, ஒரே பூச்சுல, கரி மாதிரி கருப்பு குடுக்காது. மருதாணி குடுக்கறது செம்பட்டை, அவுரி குடுக்கறது நீலம். "பத்து நிமிஷக் கருப்பு", "பிளாக் ஹென்னா"ன்னு பாக்கெட்ல இருந்தா பெரும்பாலும் உள்ள பிபிடி, அதாவது பாராஃபினைலின்டயமின் இருக்கும். டை பாட்டில்ல இருக்கற அதே சரக்கு. அட்டையில நெல்லிக்காய் படம், பின்னாடி எறும்பு எழுத்துல பிபிடி. எங்க மச்சினன் ஒருத்தன் இந்த மாதிரிப் பொடியைப் போட்டு, மறுநாள் கண்ணு ரெண்டும் திறக்க முடியாம முகம் பூரி மாதிரி வீங்கி ஆஸ்பத்திரிக்கு ஓடினான். ஒருதரம் ஒத்துக்காமப் போச்சுன்னா ஆயுசுக்கும் ஒத்துக்காது, அப்புறம் எந்தக் கடையில டை அடிக்கவும் பயந்துக்கிட்டே நிக்கணும்.

பொடி வாங்கும்போது நிறம் பாருங்க. நல்ல மருதாணிப் பொடி பச்சை. நல்ல அவுரிப் பொடியும் பச்சைதான், நீலம் இல்லை! தண்ணி பட்டு, காத்து பட்டாத்தான் நீலமாகும். டப்பாவைத் திறக்கும்போதே கருப்பாவோ காப்பித் தூள் நிறத்துலயோ இருந்தா கலப்படம்னு வச்சுக்கங்க. பழைய சரக்கு பழுத்த மஞ்சளாகி இருக்கும், அது பிடிக்காது. அறுவடை எந்த வருஷம்னு கேளுங்க. கேட்டா நாங்க கோவிச்சுக்க மாட்டோம்.

#8 அவுரிக்காரி_கோவை

கடைக்கார அண்ணா சொன்னது அத்தனையும் நெசமுங்க. நான் வருஷக்கணக்கா மருதாணி, அவுரி ரெண்டும்தான். முறையைச் சொல்லிடறேன், யூடியூப்ல ஆளாளுக்கு ஒண்ணு சொல்லிக் குழப்பி வச்சிருக்காங்க.

மொதல்ல மருதாணி. தோள் வரைக்கும் முடின்னா 100 கிராம் பொடி. ஆறின டீ டிகாஷனோ, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணியோ ஊத்தி, இட்லி மாவு பதத்துக்குக் கரைச்சு மூடி வைங்க. மேல செவப்பாப் படை கட்டினாச் சாயம் எறங்கிடுச்சுன்னு அர்த்தம், நம்ம வெயிலுக்கு நாலஞ்சு மணி நேரத்துல ஆயிரும். எண்ணெய் இல்லாத தலையில பூசி, ரெண்டு மூணு மணி நேரம் வெச்சு, வெறும் தண்ணில அலசுங்க. இப்ப நரை எல்லாம் ஆரஞ்சா இருக்கும். கண்ணாடியைப் பாத்து அலற வேண்டாம்.

அப்புறம் அவுரி, அன்னிக்கே இல்லாட்டி மறுநாள். இதுக்குப் புளிப்பே ஆகாது. எலுமிச்சை, தயிர், டீ எதுவும் கூடாதுங்க. வெதுவெதுன்னு தண்ணி, ஒரு சிட்டிகை உப்பு, அவ்வளவுதான். கரைச்சுப் பத்துப் பதினஞ்சு நிமிஷத்துல பச்சைக் கூழு மேல நீலப் பளபளப்பு ஓடும். அப்பவே பூசிடணும், மருதாணி மாதிரி ராத்திரி ஊற வெச்சா செத்துப் போயிரும். ஈரத் தலையில அடிமுடி நல்லா முங்கற மாதிரி பூசி, ஒண்ணு ஒன்றரை மணி நேரம் கழிச்சு அலசுங்க. ரெண்டு நாளைக்குச் சீயக்காய், ஷாம்பு எதுவும் வேண்டாம். அலசினதும் பச்சையோ நீலமோ அடிக்கும், காத்துப் பட்டு ரெண்டு நாள்ல கருப்பா எறங்கும்.

மருதாணி போடாம நேரா நரையில அவுரி போட்டா நீலப் பச்சைத் தலைதான். அதே மாதிரி ரெண்டையும் கலந்து ஒண்ணாப் பூசினா ப்ரவுன் வரும், கருப்பு வராதுங்க. மாசம் ஒருக்கா அடிமுடிக்கு மட்டும் போட்டாப் போதும், முழுத் தலைக்கும் வேண்டியதில்லை.

அப்புறம், செடிதானேன்னு அசால்ட்டா இருக்காதீங்க. முழங்கை மடிப்புல கொஞ்சம் பூசி ரெண்டு நாள் பாத்துட்டுத்தான் தலைக்கு. வீட்டுல யாருக்காவது ஜி6பிடி (ரத்த அணுவைக் காக்கற ஒரு நொதி) குறைபாடு இருந்தா, முக்கியமா சின்னக் குழந்தைகளுக்கு, மருதாணியே வைக்கக் கூடாது. ரத்த அணு உடைஞ்சு மஞ்சள் காமாலை வரைக்கும் போகும்.

#9 தென்றல்22

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அத்தை பொடியோட பின்னட்டையை ஜூம் பண்ணிப் பாத்தேன், கடைக்கார அண்ணா சொன்ன பேர் இருக்கு. படத்துல அந்த அம்மாவுக்கு வேர்ல இருந்து நுனி வரைக்கும் ஒரே கருப்புதான் 🙃

பயோட்டின் சாப்பிடறேன் ராணி அக்கா. நிறுத்திட்டு அடுத்த வாரம் ரத்தம் குடுக்கறேன்.

#10 பாளை_சித்தா

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன், இப்போது அரசுப் பணியில் இருக்கிறேன். இரண்டு பக்கமும் விட்டுப் போன சிலவற்றைச் சொல்கிறேன்.

இளநரையைப் பித்த மிகுதியாகத்தான் சித்தமும் பார்க்கிறது. ஆனால் எங்களிடம் வருபவருக்கு வெறும் தைலத்தை மட்டும் கொடுத்து அனுப்புவதில்லை. நாக்கு வெளுத்திருக்கிறதா, மாதவிடாயில் இரத்தப் போக்கு அதிகமா, தூக்கம், மலச்சிக்கல், சாப்பாட்டு நேரம், எல்லாம் கேட்போம். வெளுப்பு இருந்தால் அயபிருங்கராஜ கற்பம், அன்னபேதி செந்தூரம் போன்றவை. பேரிலேயே 'அயம்' இருக்கிறது, அதாவது இரும்பு. இரும்புச்சத்து குறைந்திருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் இவற்றைத் தர வேண்டும். முடி கருக்கும் என்று கேள்விப்பட்டு நீங்களே வாங்கிச் சாப்பிடக் கூடாது. லேப் சகோதரி சொன்ன பரிசோதனைகளைத்தான் நாங்களும் எழுதுகிறோம், அதில் எங்களுக்கு ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

கரிசாலையில், அதாவது கரிசலாங்கண்ணியில், மஞ்சள் பூ உள்ளதைக் கீரையாகச் சமைக்கலாம், பாசிப்பருப்பு போட்டுக் கடைந்தால் கசப்பு தெரியாது. தைலத்துக்கு வெள்ளைப் பூ. சாக்கடை ஓரத்தில் கொழுகொழுவென்று வளர்ந்திருப்பதைப் பறிக்க வேண்டாம்.

பெரியவர் சொன்ன நீலிபிருங்காதியைக் கம்பெனிச் சரக்காக வாங்கலாம், வீட்டில் காய்ச்ச வேண்டாம். அதன் மூலப் பாடத்தில் குன்றியும் அஞ்சனக்கல்லும் வருகின்றன. குன்றிமணி விஷம், சுத்தி செய்யாமல், அதாவது நச்சு நீக்காமல், தொடவே கூடாது. கடையில் அஞ்சனக்கல் என்று கொடுப்பது பல நேரம் ஈயச் சேர்மமாக இருக்கும். இளநரைக்கு இந்தத் தைலத்தை நானும் எழுதுகிறேன். வறட்சி, அரிப்பு, பொடுகு குறைகிறது, தூக்கம் வருகிறது. வந்த நரை கருத்துவிடும் என்று மட்டும் நோயாளியிடம் சொல்ல மாட்டேன்.

சென்னையில் இருப்பவர்கள் தாம்பரம் சானடோரியம் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்கோ அரும்பாக்கம் அண்ணா மருத்துவமனைக்கோ போகலாம். வெளியூரில் பல அரசு மருத்துவமனைகளிலேயே சித்தா பிரிவு இருக்கிறது. முகநூலில் நாடி பார்ப்பவர்களிடம் போக வேண்டாம்.

#11 சந்தேகப்பிராணி

டாக்டர் சார், இந்த மாதிரிப் பேசினா நான் ஏன் சண்டைக்கு வரப் போறேன்.

சுக்குக்காப்பி தாத்தாவுக்கு ஒரு விஷயம் பாக்கி இருக்கு. கோபம், துக்கம்னு சொன்னீங்களே, அதை நான் சிரிச்சுத் தள்ளலை. 2020-ல ஹார்வர்ட்ல எலிகளை வச்சுப் பார்த்தப்ப, கடும் மன அழுத்தத்துல நரம்பு முனையில இருந்து நார்அட்ரினலின் கொட்டி, மெலனோசைட்டை உண்டாக்கற மூல செல்களே தீர்ந்து போறது தெரிஞ்சது. எலிக்கு அது திரும்பி வரலை. மனுஷங்க விஷயம் 2021-ல கொலம்பியா பல்கலைக்கழகத்துல இருந்து வந்தது. 14 பேரோட முடியை ஒவ்வொண்ணா எடுத்து நுனியில இருந்து அடி வரைக்கும் நிறத்தை அளந்தாங்க. ஒருத்தர் விடுமுறைக்குப் போயிருந்த சமயத்துல அவரோட அஞ்சு முடி மறுபடி கருப்பாகியிருக்கு. நான் #3-ல சொன்ன மாதிரியே, நுனி வெள்ளை, அடி கருப்பு.

அஞ்சு முடி! தலை முழுக்க இல்லை. அதுவும் இப்பத்தான் நரைக்கத் தொடங்கின முடிக்கு. வருஷக்கணக்கா வெள்ளையா இருக்கறது திரும்பும்னு அவங்களே சொல்லலை.

புகை பிடிக்கற தம்பிங்க யாராவது இதைப் படிச்சா, இளநரைக்கும் சிகரெட்டுக்கும் தொடர்பு இருக்கறது பல ஆய்வுகள்ல வந்திருக்கு. அதை விடாம நெல்லிக்காய் ஜூஸ் குடிச்சுப் புண்ணியமில்லை.

#12 தென்றல்22

ரிசல்ட் வந்திருச்சு. பி12 142, ஃபெரிடின் 9. தைராய்டு நார்மல். டி-யும் கம்மி. டாக்டர் பி12 ஊசி போட்டுக்கச் சொல்லி, இரும்பு மாத்திரையும் எழுதியிருக்கார். நரை மாறுமான்னு கேட்டேன். "அப்பாவுக்கும் இருந்திருக்கு, அதனால வாக்குக் குடுக்க முடியாது, புதுசா வர்றது குறையலாம், ஆனா முடிக்காக இல்லேன்னாலும் இதைச் சரி பண்ணியாகணும்"னார். படிக்கட்டு ஏறினா மூச்சு வாங்கறதை நான் வெயிட்டுன்னு நினைச்சிட்டிருந்தேன்.

கூடவே கால்சியம் பாந்தோதினேட்னு ஒரு மாத்திரையும் இருக்கு. அது எதுக்கு?

#13 லேப்_ராணி

142-ஆ! நல்ல வேளை பாத்தே. அம்மாவும் அதே சாப்பாடுதானே? அவங்களையும் கூட்டிட்டுப் போ. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடறவங்க வீட்டுல இருந்தா அவங்களுக்கும் பாக்கணும், அந்த மாத்திரை பி12-ஐ இன்னும் குறைக்கும். இரும்பு மாத்திரையை டீ, காப்பியோட சேத்துப் போடாத, எலுமிச்சை ஜூஸோட போடு.

பாந்தோதினேட் இளநரைக்கு ரொம்ப காலமா எழுதறதுதான். அந்தச் சத்து இல்லாம வளர்த்த எலிக்கு ரோமம் நரைச்சதுல இருந்து வந்த பழக்கம். மனுஷங்களுக்குப் பெரிய ஆதாரம் இல்லைன்னுதான் படிச்சிருக்கேன். வேணுமா வேண்டாமான்னு எழுதிக் குடுத்தவர்கிட்டயே கேளு, இங்க கேட்டு நிறுத்தாத.

#14 சுக்குக்காப்பி

மக்ளே, ஊசியும் போட்டுக்கோ, எண்ணெயும் தேய்ச்சுக்கோ. ஒண்ணுக்கொண்ணு பகை இல்ல. முருங்கைக் கீரையும் எள்ளுருண்டையும் தின்னு, பிள்ளைக்கு ரத்தம் ஊறட்டும். அஞ்சு முடி சேதி சொன்ன தம்பிக்கு ஒரு குப்பி எண்ணெய் அனுப்பலாம்னு பாக்கேன், விலாசம் தருவானா தெரியல்ல.

#15 மீசை_மாணிக்கம்

இடையில நுழைஞ்சதுக்கு மன்னிக்கணும். கோவை அக்கா, எனக்கு வயசு 29, தலை தப்பிச்சது, மீசை தாடியில மட்டும் நரை. அடுத்த மாசம் கல்யாணம். மருதாணி அவுரி தாடிக்குப் போடலாமா?

#16 அவுரிக்காரி_கோவை

தாராளமா போடலாமுங்க தம்பி. தலைக்கு ஆகற பொடியில கால்வாசி கூட வேண்டாம். தாடி முடி முரடு, அதனால கூழைக் கொஞ்சம் கெட்டியாக் கரைச்சு அழுத்திப் பூசி, மேல பிளாஸ்டிக் தாள் ஒட்டுங்க, காய விடாதீங்க. பூசறதுக்கு முன்னாடி முடி இல்லாத எடம் பூரா, கன்னம், உதட்டோரம், தேங்காய் எண்ணெய் தடவிடுங்க, இல்லேன்னா தோல்ல கறை நிக்கும். முகத்துத் தோல் சுருக்குன்னு எரிஞ்சா ஒடனே கழுவிடணும்.

இப்பவே ஒருக்கா போட்டு நெறம் எப்படி வருதுன்னு பாத்துக்கங்க. கல்யாணத்துக்கு மூணு நாள் முன்னாடி அடுத்தது. முந்தின ராத்திரி மட்டும் போட்டுடாதீங்க, மாப்பிள்ளை அழைப்புல மீசை பச்சையா நிக்கும்.